வேங்கைப் பலகையில் பதினான்கு குழிகள்

வணக்கம். முதலில் இந்தக் கையைப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குளித்தவள் கை மாதிரி இருக்கிறதா? எல்லாம் வேங்கை மரத்தூள். வியர்வை பட்டதும் கறை ஏறிவிட்டது. இரண்டு நாளாகச் சோப்புப் போட்டும் போகவில்லை.

சென்ற வீடியோவில் பல்லாங்குழி செய்யப்போகிறேன் என்று பெருமையடித்தேன் அல்லவா? வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழிகள். ஒவ்வொன்றும் 50 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் ஆழம். துளைப்பது தூணோடு நிற்கும் டிரில் பிரஸ் இயந்திரத்தில். அதில் மாட்ட ஸ்பேட் பிட் (தட்டையான துளை அலகு) போதுமே என்று யாரும் எழுதாதீர்கள். எனக்கும் அதற்கும் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். வேங்கையை அது துளைக்காது, பிறாண்டும். ஆகவே ஃபோர்ஸ்ட்னர் பிட். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலாளி 1874-இல் காப்புரிமை பெற்றது. நடுமுனையை மட்டும் நம்பாமல் வட்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதால் குழியின் சுவர் வழவழவென்று வரும், அடி தட்டையாக வரும்.

விலை 1,200 ரூபாய் என்றார் கடைக்காரர். அரை மணி நேரம் நின்று 1,150-க்கு வாங்கினேன். அந்த 50 ரூபாய் வெற்றியை வழியெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் குழியிலேயே புகை! சுவர் முழுக்கக் கரி. பிட்டின் விளிம்பு நீலம் பாரித்துவிட்டது. மட்டமான பிட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அன்று மாலையே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் பிட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தானாக எரியவில்லை அம்மா, நீங்கள் எரித்திருக்கிறீர்கள். எத்தனை சுற்றில் ஓட்டினீர்கள்?" என்றார்.

நிமிடத்துக்கு 1,400. நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 50 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கு 157 மில்லிமீட்டர் ஓடுகிறது. 1,400 சுற்று என்றால் நிமிடத்துக்கு 220 மீட்டர்! இரும்பு அந்த வேகத்தில் மரத்தை உரசினால் அடுப்புதான் எரியும்.

வேகத்தைக் குறைக்க பெல்ட்டை வேறு புல்லிகளுக்கு (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) மாற்ற வேண்டும். மோட்டார் பக்கம் சின்னப் புல்லி, பிட் பக்கம் பெரிய புல்லி. இரண்டு நிமிட வேலை. ஆனால் மோட்டாரைத் தளர்த்தும் திருகு மூன்று வருடமாகத் தொடப்படாமல் துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், தட்டினேன், திட்டினேன், ஒரு ஸ்பானரை வளைத்தேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு "டக்" என்றது பாருங்கள், அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் இந்த வாரத்தின் ஒரே வருத்தம்.

வேகம் 500-க்கு வந்தது. நீலம் பாரித்த பிட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே கடையில் இன்னொன்று வாங்கினேன். இந்த முறை பேரம் பேச முகமில்லை, முழு 1,200. மெதுவாக அழுத்தி, நாலைந்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை தூக்கிச் சுருளை வெளியேற்றினேன். தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் சுருளாக வந்தது. குழியின் விளிம்பில் ஒரு சிலும்புகூட இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம்: பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அத்துடன் அதன் நீளமான பக்கம் தூணுக்கு இடப்புறம் இருக்கட்டும். பிட் மரத்தைக் கவ்விச் சுழற்றினால் பலகை தூணில் முட்டி நிற்கும். வலப்புறம் நீட்டியிருந்தால் உங்கள் வயிற்றுக்குத்தான் வரும். கையுறையும் வேண்டாம், சுழலும் பிட் அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

பிட் குறித்த ஆழத்துக்கு மேல் இறங்காமல் நிறுத்தும் ஆழத்தடையை முதல் குழிக்கே பூட்டிவிட்டதால் 14-உம் ஒரே ஆழம். அந்தக் கரிக்குழியை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் லேசாகக் கறுப்புத் தெரிகிறது. அத்தை நேற்று ஆடிப் பார்த்தார். அடி தட்டையாக இருப்பதால் புளியங்கொட்டை ஓரத்தில் ஒதுங்கி விரலுக்கு வரமாட்டேன் என்கிறதாம். குடைவு உளியை எடுத்து வைத்திருக்கிறேன். 14 குழியின் அடியையும் கிண்ணம் போல வளைக்க வேண்டும், கையாலேயே.