சுயவிலாசமிட்ட உறை

நேயர்களுக்கு வணக்கம்.

இணைய இதழ்களில் எழுதும் பெண்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாப் பெண்களுக்காகவும் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக நானும் கவிதை, கதை, கட்டுரை என்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஓர் உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சுப் பத்திரிகைக்குக் கதை அனுப்பியவர்களுக்கு அது தெரியும். பிரசுரமாகாத கதை திரும்ப வேண்டுமென்றால் சுயவிலாசமிட்டு, போதிய தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்பவேண்டும். நானும் அனுப்புவேன். இரண்டு மூன்று மாதம் கழித்து, என் கையெழுத்தில் என் பெயர் எழுதிய அந்த உறை தபால்காரர் கையில் வரும். எங்கள் தெருவுக்குத் தபால் வருவது பதினொன்றரை மணிக்கு. அந்நேரம் அத்தை திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். ஒருநாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிடுதியா?"

கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே சந்தேகம். ஆனால் எதிர்வீட்டு அக்கா சிரித்துவிட்டார். அப்புறம் ஒரு வருடம் நான் எதையுமே அனுப்பவில்லை. கதை திரும்பியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தெரு பார்க்கத் திரும்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

இணைய இதழ்களால் உலகமெங்கும் வாசகர்கள் கிடைப்பார்கள் என்பார்கள். சரி, கிடைத்தார்கள். எனக்கு முதலில் கிடைத்தது, என் கதை வேண்டாம் என்று எனக்கு மட்டும் சொல்லும் ஒரு மின்னஞ்சல்.

'திண்ணை' என்ற இணைய இதழ் 1999-இல் வந்துவிட்டது. அடுத்த வருடமே கனடாவிலிருந்து வ.ந.கிரிதரன் 'பதிவுகள்' இதழைத் தொடங்கினார். எங்கள் ஊருக்கு இதெல்லாம் வந்து சேர 2003 ஆனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள் காலேஜ் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான், காலடியில் காய்கறிக் கூடையோடு.

அந்தக் கால நாவலாசிரியை வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் சரளமாக எழுத வராதாம். மனதில் இருந்த முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்தக் கோதைநாயகி அம்மாள்தான் 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையே எடுத்து நடத்தினார். எனக்குப் பட்டம்மாளாக வாய்த்தது அந்த சென்டர் தம்பி. அவனுக்கும் தமிழில் அடிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துருவை இறக்கிக் கொடுத்தான், 'இந்த இதழுக்கு இது, அந்த இதழுக்கு அது' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தான்.

இப்போது எழுத வருகிற பெண்களிடம் அந்தக் கூத்தைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று நான் அடித்து அனுப்புவேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். ஒரு முழுக்கவிதையும் அப்படிப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்! எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பிறகு தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அதில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். நடுவில் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். முதல்முறை அது புள்ளி வைத்ததைப் பார்த்து, வேண்டுமென்றே பத்துத் தடவை அம்மா, அம்மா என்று அடித்துப் பார்த்தேன்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பெரும்பாலும் சன்மானம் கிடையாது. அதைவிடப் பெரிய குறை, எதை அனுப்பினாலும் போட்டுவிடுவது. அச்சு இதழில் பக்கத்துக்குப் பஞ்சம், இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. இரவு எழுதி மறுநாள் காலையில் வெளியான கவிதைகள் என்னிடம் நிறைய. அவற்றில் பாதியை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஓர் ஆசிரியர் மட்டும் அப்படி விடவில்லை. எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். கண்ணீர், தியாகம் என்று நான்கு பக்கம். பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது: "இலையை ஏன் நனைக்கிறார்கள்?"

எனக்குத் தெரியவில்லை! தினமும் பார்க்கிற காட்சி. எதிர்வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சிரித்த அதே அக்கா. சுளகை மடியில் வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார். காய்ந்த இலையைச் சுருட்டினால் வெடித்துவிடும், அதனால் நனைக்கவேண்டும். ரொம்ப ஊறினாலும் ஆகாது. அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரத்தி, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கினார். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே. நான் சுற்றிய ஒன்று கையிலேயே பிரிந்து தூள் கொட்டியது. கட்டுரையைத் திரும்ப எழுதினேன். கண்ணீர், தியாகம் இரண்டு வார்த்தையும் போய்விட்டன.

தெரு பார்க்காமல் எழுதலாம் என்ற அந்த மறைவும் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். யாராவது இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். "அந்தக் கதையில வர்ற நாத்தனார் நான்தானே மதினி?" என்று போன் வருகிறது.

நான் எழுதிய ஓர் இதழ் ஒருநாள் திறக்கவில்லை. நடத்தியவர்கள் கைக்காசு போட்டு நடத்தினார்கள், முடியவில்லை, விட்டுவிட்டார்கள். என் பதினொரு கவிதைகள் அதோடு போயின. சென்டரில் நேராக அடித்தவை, வேறு பிரதி கிடையாது. வேபேக் மெஷின் என்று ஒன்று பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிறது. அதில் தேடி மூன்றை மீட்டேன். ஒன்றில் கடைசி இரண்டு வரி வெறும் கட்டங்களாக இருக்கிறது. அதில் என்ன எழுதினேன் என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அதிலிருந்து, எதை எழுதி முடித்தாலும் ஒரு பிரதியை என் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுகிறேன். இந்த உரையைக்கூட நேற்றிரவு அனுப்பினேன். இரண்டு விநாடியில் என் பெயரிலிருந்து என் பெயருக்கே வந்து நின்றது. அத்தை இருந்திருந்தால் திரும்பவும் கேட்டிருப்பார். ஆமாம் அத்தை, எனக்கு நானே லெட்டர் போட்டுக்கிடுதேன்.

வணக்கம்.