சிவப்பணுவோட வயச அளக்க இரும்பு ஏன் உதவாது?

எல்லாருக்கும் வணக்கம். சிவப்பணு 120 நாள் இருக்கும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அந்த 120 எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா முக்காவாசிப் பேரு முழிப்போம். செல் மேல பொறந்த தேதி ஒட்டியிருக்கா என்ன? இன்னைக்கு அந்தக் கணக்கத்தான் பார்க்கப்போறோம்.

முதல்ல எல்லாருக்கும் தோணுற வழி இரும்பு. உடம்புல இருக்குறதே மொத்தம் 3, 4 கிராம்தான். அதுல மூணுல ரெண்டு பங்கு ஹீமோகுளோபின்ல இருக்கு. அதனால கதிரியக்க இரும்பு, இரும்பு-59, கொஞ்சூண்டு நரம்புல ஏத்தி, அது எப்போ சிவப்பணுவுக்குள்ள போகுது, எப்போ வெளிய வருதுன்னு பார்த்தா வயசு தெரிஞ்சிருமேன்னு தோணும். போறது அழகாத் தெரியும். 10 நாளுக்குள்ள 80 சதவீதத்துக்கு மேல செல்லுக்குள்ள போயிரும். ஆனா வெளிய வர்றதுதான் தெரியாது. நாலு மாசம் கழிச்சும் கிராஃப்ல கோடு இறங்க மாட்டேங்குது.

காரணம் மண்ணீரல்ல இருக்கு. வயசான செல்ல மேக்ரோஃபேஜ்ங்கற துப்புரவு செல் முழுங்கிருது. ஹீமோகுளோபின்ல இரும்பப் பிடிச்சு வச்சிருக்குற வளையத்துக்குப் பேரு ஹீம். உள்ள ஹீம் ஆக்சிஜனேஸ்னு ஒரு என்சைம் அந்த வளையத்தை வெட்டுது. மூணு பொருள் வருது: பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு, இரும்பு. பிலிவெர்டின் பிலிரூபினா மாறி, கல்லீரல் வழியா பித்தத்துல போயிருது. கார்பன் மோனாக்சைடு மூச்சுல போயிருது. இரும்ப மட்டும் உடம்பு விடாது. ஃபெரோபோர்ட்டின் கதவு வழியா வெளிய வந்து, டிரான்ஸ்ஃபெரின்ங்கற இரும்பச் சுமக்குற புரதத்துல ஏறி, திரும்ப புது சிவப்பணு செய்யுற எலும்பு மஜ்ஜைக்கே போயிருது. ஒரு நாளைக்கு இப்படிச் சுத்துறது 20-லருந்து 25 மில்லிகிராம். சாப்பாட்டுல இருந்து புதுசா உள்ள வர்றது 1, 2 மில்லிகிராம்தான். அப்போ நீங்க அடையாளம் போட்ட இரும்பு, செத்த செல்லுல இருந்து இறங்கி அடுத்த பஸ்ஸுல ஏறிருச்சு. நீங்க பார்க்குறது பயணிய. உங்களுக்கு வேண்டியது பஸ்ஸோட ஆயுசு.

அடையாளம் போடணும்னா திரும்ப உபயோகமாகாத பாகத்துல போடணும். அதுதான் வளையம்.

இதைச் செஞ்சவங்க நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல டேவிட் ஷெமின், டேவிட் ரிட்டன்பெர்க். ஷெமின் நைட்ரஜன்-15 போட்ட கிளைசின்ங்கற அமினோ அமிலம் 66 கிராம், மூணு நாளுக்குள்ள தானே சாப்பிட்டாரு. நைட்ரஜன்-15-க்குக் கதிரியக்கம் கிடையாது, கொஞ்சம் கனம் கூடின நைட்ரஜன், அவ்வளவுதான். முடிவு 1946-ல வெளிவந்துச்சு.

ஏன் கிளைசின்? ஹீம்ல இருக்குற நாலு நைட்ரஜனும் கிளைசின்ல இருந்துதான் வருது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கிளைசினும் சக்சினைல் கோ-ஏங்கற பொருளும் சேர்ந்து அமினோலெவுலினிக் அமிலம் ஆகுது. இதுக்கு வைட்டமின் பி6 வேணும். அதுல ரெண்டு சேர்ந்து பைரோல்னு ஒரு சின்ன வளையம், நாலு பைரோல் சேர்ந்து ஹீமோட பெரிய வளையம். ஆக, ஒரு ஹீமுக்கு 8 கிளைசின் செலவு. ஆனா நைட்ரஜன் நாலுதான் தங்கும், மீதி நாலு அமோனியாவாப் போயிரும். விலை கூடின நைட்ரஜன்-15-ல பாதி இந்த ஒரு படியிலயே வீணு. கடைசிப் படியிலதான் ஃபெரோகீலட்டேஸ்ங்கற என்சைம் இரும்ப உள்ள வைக்குது.

இப்போ லேப் வேலை. 10 மில்லி ரத்தம் எடுத்தா 1.5 கிராம் ஹீமோகுளோபின். அதுல ஹீம் 3.8 சதவீதம், அதாவது 57 மில்லிகிராம். முழுசும் கைக்கு வராது, ஆனா அளக்கப் போதும். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, பிளாஸ்மாவையும் மேல நிக்கிற வெள்ளைப் படலத்தையும் எடுத்துருங்க. செல்ல சலைன்ல மூணு தடவை கழுவணும். இதுல சோம்பேறித்தனம் பட்டா மொத்தமும் போச்சு. பிளாஸ்மா புரதத்துலயும் நைட்ரஜன்-15 ஏறியிருக்கும், அது சில நாள்லயே உச்சத்துக்குப் போய் சரசரன்னு இறங்கும். அது கலந்தா உங்க கோட்டுல ஆரம்பத்துல இல்லாத ஒரு மேடு தெரியும்.

அப்புறம் ஹெமின் படிகம், அதாவது ஹீம புரதத்துல இருந்து பிரிச்சு படிகமா எடுக்குறது. உப்புக் கரைச்ச கிளேஷியல் (தண்ணி கலக்காத) அசிட்டிக் அமிலத்த 100 டிகிரி வரைக்கும் சூடாக்கி, மூணு பங்கு அமிலத்துக்கு ஒரு பங்கு செல் கரைசல், நூலா ஊத்தணும். மொத்தமாக் கொட்டுனா சூடு இறங்கி புரதம் கட்டி கட்டியாத் திரிஞ்சு, படிகம் அதுக்குள்ள மாட்டிக்கும். ஃப்யூம் ஹூட் இல்லாம இதப் பண்ணாதீங்க, ஆவி கண்ணையும் தொண்டையையும் பொசுக்கிரும். ஆறினதும் அடியில நிக்கிற கரும்பழுப்புப் படிகத்த 50 சதவீத அசிட்டிக் அமிலம், தண்ணி, ஆல்கஹால், ஈதர்னு வரிசையாக் கழுவணும். பிறகு நைட்ரஜன் வாயுவா மாத்தி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு. இங்க எதிரி காத்து. சாதாரண நைட்ரஜன்ல 15 இருக்குறது வெறும் 0.37 சதவீதம். ஒரு ஜாயிண்ட்ல லீக் இருந்தா உங்க சாம்பிள் நீர்த்துப்போய், செல் செத்துட்ட மாதிரியே கோடு இறங்கும். அதனால சந்தேகப்படுற சாம்பிள ரெண்டாவது தடவை ஓட்டிப் பார்க்காம நம்பாதீங்க.

கோடு எப்படி வரும்? சுமார் 25 நாள் ஏறும். மூணு நாள்தானே சாப்பிட்டாரு, ஏன் 25 நாள்? அடையாளம் போட்ட கிளைசின் உடம்புல கொஞ்ச நாள் சுத்திக்கிட்டே இருக்கும், மஜ்ஜையில செல் முதிர்ந்து வரவும் நாள் ஆகும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு மேல மட்டமா நிக்கும். அதுக்கப்புறம் எஸ் எழுத்து மாதிரி சரியும். தோராயமாப் பார்க்கணும்னா, ஏத்தத்தோட நடுவுல இருந்து சரிவோட நடு வரைக்கும் உள்ள நாள்தான் ஆயுசு. அவங்க கணக்குப் போட்டு எடுத்தது 127 நாள்.

என்னைக் கேட்டா அந்த எண்ண விட அந்த மட்டமான பகுதிதான் பெரிய விஷயம். செல்லுங்க கண்டபடி சாகுதுன்னா முதல் நாள்ல இருந்தே கோடு வளைஞ்சு இறங்கியிருக்கணும். இறங்கல. அப்போ வயசாகித்தான் சாகுது. அரிவாள் செல் நோய்ல அந்த மட்டம் காணாமப்போயிரும்.

சாம்பிள் எடுக்குறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. 10 மில்லி வீதம் 20 தடவை எடுத்தா 200 மில்லி ரத்தம், 100 மில்லிகிராம் இரும்பு போச்சு. அத ஈடுகட்ட மஜ்ஜை வேகமா ஓடும், நீங்க அளக்க வந்ததையே நீங்க மாத்திருவீங்க. ஏத்தத்துல அடிக்கடி எடுங்க, மட்டத்துல 10 நாளைக்கு ஒண்ணு போதும், 90-வது நாள் தாண்டினதும் திரும்ப நெருக்கமா எடுங்க.

இந்தக் கேள்வி பழசாப் போகல. 2008-ல சிவப்பணு மேல பயோட்டின்ங்கற வைட்டமின அடையாளமா ஒட்டி, சர்க்கரை நோய் உள்ளவங்க, இல்லாதவங்கன்னு 12 பேர்கிட்ட அளந்தாங்க. நோய் இல்லாதவங்களுக்குள்ளயே ரத்தத்துல ஓடுற செல்லோட சராசரி வயசு 38-லருந்து 60 நாள் வரைக்கும் மாறுச்சு. சர்க்கரை நோய்க்கு எடுக்குற எச்பிஏ1சி டெஸ்ட் பார்க்குறதே, செல் உயிரோட இருந்த நாள்ல எவ்வளவு சர்க்கரை ஒட்டிச்சுங்கறதத்தான். ஒரே சர்க்கரை அளவு இருக்குற ரெண்டு பேர்ல, செல்லுக்கு வயசு கூடினவருக்கு நம்பர் கூடக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவுல அது கூடிக் காட்டுறதும், மாத்திரை ஆரம்பிச்சதும் புது செல் குவிஞ்சு இறங்குறதும் உண்டு. வீட்டு குளுக்கோமீட்டர் ஒண்ணு சொல்லுது, எச்பிஏ1சி வேற சொல்லுதுன்னா, மருந்த மாத்துறதுக்கு முன்னாடி ரெட்டிகுலோசைட் (புதுசா வந்த சிவப்பணு) எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பக் காட்டுறது) பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டும் இருக்கு, அது பிளாஸ்மா புரதத்துல ஒட்டுன சர்க்கரையப் பார்க்குறதால சிவப்பணுவோட வயசு அதுல குறுக்க வராது.