அந்த ஐ.ஐ.டி.யும் இதே லிஸ்டில் வருமா?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எது பெரியது, ஐ.ஐ.டி.யா, அண்ணா பல்கலைக்கழகமா என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு வீடு நடக்கிற பட்டிமன்றம்தான் இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிண்டிக்காரன். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிற கிண்டி பொறியியல் கல்லூரியில் 1973-இல் சேர்ந்து ஐந்து வருடம் சிவில் படித்தவன். என் தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். கேட்கிறவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை, கிண்டியில் படித்த என்னிடம் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. நான் படிப்பை முடித்து வெளியே வந்தது 1978 ஏப்ரலில். அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது அதே வருடம் செப்டம்பர் 4-ஆம் தேதி. அதுவரை கிண்டி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரி. இந்த வானொலி நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் வருமே, செனட் ஹவுஸ், அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் என் சான்றிதழில் இருக்கிறது. ஐந்து மாதத்தில் தவறவிட்டேன் என்று பேரன் கிண்டல் செய்வான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சர்தார் படேல் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். மத்திய கைலாஷிலிருந்து கிண்டி நோக்கிப் போனால் இடது கைப்பக்கம் ஐ.ஐ.டி. வாசல், கொஞ்சம் தள்ளி வலது கைப்பக்கம் அண்ணா பல்கலைக்கழகம். டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறை வாங்குவதற்குள் இரண்டையும் தாண்டிவிடலாம். ஆனால் இரண்டுக்கும் வயது வித்தியாசம் ஏராளம். கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-இல் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. மைக்கேல் டாப்பிங் என்பவர் எட்டே மாணவர்களை வைத்து ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்து, சேப்பாக்கத்தில் பல காலம் இருந்து, 1920-இல் கிண்டிக்கு வந்தது. அந்தச் செங்கல் சிவப்புக் கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது.

ஐ.ஐ.டி. 1959-இல் வந்தது. மேற்கு ஜெர்மனி உதவியோடு அமைந்தது. ஆய்வுக்கூடத்துக்கு இயந்திரங்களும் வந்தன, பேராசிரியர்களும் வந்தார்கள். அந்த நன்றிக்குத்தான் வளாகத்துக்குள் ஒரு சாலைக்கு அன்றைய மேற்கு ஜெர்மனித் தலைநகரின் பெயரில் பான் அவென்யூ என்று பெயர். நிலம் கொடுத்தது நம் மாநில அரசு, காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில். கிண்டிக் காட்டில் அறுநூறு ஏக்கருக்கு மேல். அதனால்தான் அங்கே வகுப்புக்குப் போகிற வழியில் புள்ளிமான் குறுக்கே வரும். ஹாஸ்டல்களுக்குக் காவேரி, நர்மதா, தபதி என்று நதிகளின் பெயர். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த விஷயத்தில் எங்களுக்குப் போட்டியே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஹாஸ்டலுக்குக் குரங்கு வந்ததில்லை. மெஸ் சாப்பாடு காரணமாக இருக்கலாம்.

மத்திய அரசின் தரவரிசையைப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. அது தொடங்கிய 2016-லிருந்து பொறியியலில் சென்னை ஐ.ஐ.டி.தான் முதலிடம். அண்ணா பல்கலைக்கழகம் சில வருடம் முதல் பத்துக்குள் இருந்தது, அப்புறம் வெளியே போய்விட்டது. ஆய்வுக்கு ஒதுக்குகிற பணம், ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்ற கணக்கு, வெளியாகும் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அவர்கள் கை ஓங்கியே இருக்கிறது. இதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் தரவரிசைப் பட்டியலில் ஒரு கேள்விக்கு இடமே இல்லை. உள்ளே வருவது யார்?

2010 ஜூலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் பொறியியல் கவுன்சலிங் நேரில்தான். 2018-இல் ஆன்லைனுக்கு மாறும்வரை, தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்துதான் சீட் எடுக்க வேண்டும். என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விடிகாலை ஐந்தரை மணி. வளாகத்து மரத்தடியில் எல்லாம் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். ராத்திரி பஸ் பிடித்து வந்தவர்கள். ஓர் அம்மா பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து பையனை முகம் கழுவச் சொல்கிறாள். இன்னொருவர் ஒரிஜினல் சர்டிபிகேட்டை பாலிதீன் கவரில் போட்டு, கவரை மஞ்சப்பையில் போட்டு, பையை வயிற்றோடு அணைத்தபடியே தூங்குகிறார்.

எங்கள் பக்கத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பாவும் மகளும். அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை. பெண்ணின் கட்-ஆஃப் இருநூறுக்கு நூற்று எண்பத்தைந்தோ என்னவோ. காலியிடம் காட்டுகிற திரையில் ஒவ்வொரு கல்லூரியாக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "சார், எதிர்த்தாப்புல மான் நிக்குதே, அந்த ஐ.ஐ.டி.யும் இதே லிஸ்ட்ல வருமா?"

வராது என்றேன். அதற்கு வேறே பரீட்சை, அதற்கென்று ரெண்டு வருடம், மூன்று வருடம் கோச்சிங் போக வேண்டும் என்றேன். "அப்படி ஒண்ணு இருக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லலியே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று கேட்டதும் சொல்வோமே, அந்த மாதிரி.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போட்டி என்றால் இரண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும். ஐ.ஐ.டி.க்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. கிண்டிக்கு பிளஸ் டூ மார்க். இந்த வித்தியாசம் 2007-இலிருந்துதான் முழுமையாக வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டிலும் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று பள்ளிக்கூட மார்க்கை வைத்தே இருநூறுக்குக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே மத்திய அரசின் இட ஒதுக்கீடு, இங்கே 69 சதவீதம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் 2021-இல் வந்தது. ஐ.ஐ.டி.யில் ஏழைகளுக்குச் சலுகை இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. 2016-இல் வருடக் கட்டணத்தை இரண்டு லட்சமாக ஏற்றியபோதே தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கும் மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முழு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சலுகை வாசலைத் தாண்டிய பிறகு. வாசல் வரைக்கும் போவதற்கான கோச்சிங் செலவை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.

இதைச் சொன்னால் ஐ.ஐ.டி. நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். "பள்ளிக்கூட மார்க்கை மனப்பாடம் பண்ணியே வாங்கிவிடலாம். நாங்கள் சோதிப்பது யோசனையை" என்பார். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் ஒரு தனியார் கல்லூரியில் ஸ்டிரக்சர்ஸ் பாடம் நடத்தினேன். நூற்றுக்கு நூறு வாங்கி வந்த பிள்ளை, ஒரு பீமில் சுமையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆறு மாதத்தில் அதே பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. "அண்ணா யுனிவர்சிட்டி" என்று யாராவது சொன்னால் சென்னையில் அடுத்த கேள்வி, "கேம்பஸா, அஃபிலியேட்டடா?" கிண்டிக் கல்லூரி, ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, எம்.ஐ.டி. என்கிற குரோம்பேட்டை மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. இவை நான்கும் வளாகக் கல்லூரிகள். இது போக நானூறுக்கு மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள். எல்லோருக்கும் ஒரே பெயரில்தான் பட்டம். வினாத்தாள் அடிப்பதும் திருத்துவதும் ரீவேல்யூவேஷனும் அரியரும் என்று பாதி உயிர் அதிலேயே போய்விடுகிறது. ஐ.ஐ.டி.க்கு இந்தத் தலைவலி கிடையாது. தன் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொண்டால் போதும். 2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்தை ஊர் ஊராகப் பிரித்தார்கள், 2012-இல் மறுபடி ஒன்று சேர்த்தார்கள். போர்டு எழுதுகிறவர்களுக்கு நல்ல வருமானம். துணைவேந்தர் நியமனத்தில் நடக்கிற இழுபறியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

படித்தவர்களை வைத்து எடை போடலாம் என்றால் எங்கள் பக்கம் வர்கீஸ் குரியன் இருக்கிறார், அமுல் குரியன்தான். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 1994-இல் வாங்கிய ராஜ் ரெட்டி கிண்டியில் சிவில் படித்தவர். எங்கள் டிபார்ட்மென்ட், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவர்கள் பக்கம் இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், சோஹோ ஸ்ரீதர் வேம்பு. இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பெரியவர் ஐயலசோமயாஜுல லலிதா. பதினெட்டு வயதில் விதவையானவர், கையில் குழந்தை. அப்பா கிண்டியில் எலக்ட்ரிகல் பேராசிரியர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இடம் கேட்டுச் சேர்ந்து, 1940-களில் எலக்ட்ரிகல் படித்துப் பட்டம் வாங்கினார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில்தான் அச்சடித்திருந்தார்கள். பெண் ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்கவே இல்லை. அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள்.

விண்வெளி விஷயத்துக்கு வந்தால் போட்டி எங்கே போகிறதென்றே தெரியாது. 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போன அனுசாட், நாற்பது கிலோ எடை, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள். அது அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்தது. எஞ்சினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கிண்டியில் படித்தவர், கூட நின்ற பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி ஐ.ஐ.டி. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அந்தச் சங்கரன்கோவில் பெண் அன்றைக்குத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் எடுத்தாள். நான் போன் நம்பர் கொடுத்திருந்தேன். பாடத்தில் சந்தேகம் என்றால் கூப்பிடுவாள். நடுவில் 2012-இல் ஒன்று சேர்த்ததால், சேரும்போது அவள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெயர், பட்டம் வாங்கும்போது இன்னொரு பெயர்.  கடைசி வருடத்தில் கேட் தேர்வு எழுதினாள். இந்தத் தேர்வைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். எந்தக் கல்லூரியில் பி.இ. படித்திருந்தாலும் எழுதலாம், எம்.டெக். படிப்புக்கு ஐ.ஐ.டி. பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஆள் எடுக்கிறது. அவளுக்கு இடம் கிடைத்தது.

2014 ஜூலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். பெட்டி, பக்கெட், பாய் எல்லாம் ஹாஸ்டலில் இறக்கியாயிற்று. நானும் போயிருந்தேன். மானைக் காட்டினேன், பெரியவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வெளியே வந்து வாசல் காவலாளியிடம், "தம்பி, அண்ணா யுனிவர்சிட்டிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். அங்கே இனி என்ன வேலை என்றேன். "அன்னைக்கு ராத்திரி ஒரு மரத்தடியில படுத்திருந்தோம்ல சார், அது என்ன மரம்னு பாக்கணும்" என்றார். இரண்டு பேரும் நடந்தே போனோம்.

தூங்குமூஞ்சி மரம்.