எட்டோஷாவின் நீர்க்கரையில் கேமராவுடன்

[காட்சி: வெண்ணிற உப்புப் படுகை. தொலைவில் கானலில் நெளியும் யானைக் கூட்டம்.]

நமீபியாவின் வடபகுதியில் உள்ள எட்டோஷாவுக்குக் காட்டு விலங்குகளைப் படம் எடுக்கச் செல்பவர்களில் பலர், முதல் நாள் முழுவதையும் வண்டியில் சுற்றியே கழித்துவிடுகிறார்கள். ஜெர்மானியக் காலனி ஆட்சி 1907-இல் வனவிலங்குக் காப்பகம் எண் 2 என்ற வறட்டுப் பெயரில் அறிவித்து, பிற்காலத்தில் தேசியப் பூங்காவாக மாறிய இந்த நிலம், 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. அதில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புப் படுகை. சாலையை விட்டு வண்டியை இறக்கவும் அனுமதி இல்லை என்பதால், இங்கே விலங்கைத் துரத்திப் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

துரத்த வேண்டிய தேவையும் இல்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை பெரும்பாலும் பெய்வதில்லை. மழைக்காலக் குட்டைகள் வற்றிய பிறகு, படுகையின் தென்கரையை ஒட்டிய ஊற்றுகளும், ஆழ்துளைக் கிணறுகளால் நிரப்பப்படும் குட்டைகளுமே மிஞ்சுகின்றன. யானையும் சிங்கமும் வரிக்குதிரையும் அந்தக் கரைக்கு வந்தே தீர வேண்டும் என்பதால், நம் வேலை எந்தக் கரையில், எந்த நேரத்தில் உட்காருவது என்று முடிவு செய்வதுதான்.

[காட்சி: நீர்நிலை அருகே வண்டிகள் நிற்கும் இடம். காலை வெயில்.]

அந்த முடிவை விலங்கைவிடச் சூரியனை வைத்து எடுப்பது நல்லது. பெரும்பாலான குட்டைகளில் வண்டி நிறுத்தும் இடம் ஒரே பக்கத்தில் நிலையாக இருப்பதால், காலையில் நமக்குப் பின்னிருந்து ஒளி விழும் குட்டை, மாலையில் கண்ணைக் கூசவைக்கும் குட்டையாகிவிடும். முதல் நாளிலேயே ஒவ்வொரு குட்டையும் எத்திசை பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொண்டவருக்கு, மறுநாள் அலைச்சல் பாதியாகக் குறையும். இடம் பிடித்ததும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அதன் அதிர்வு நீண்ட லென்ஸில் அப்படியே தெரியும். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதால், ஜன்னல் விளிம்பில் அரிசியோ பயறோ நிரப்பிய ஒரு துணிப்பை, விலையுயர்ந்த ஸ்டாண்டைவிட நன்றாகக் கேமராவைத் தாங்கும்.

வெண்மைதான் இந்த நிலத்தின் அழகு. கேமராவை ஏமாற்றுவதும் அதுவே. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கருதி ஒளியை அளக்கும் கேமரா, பளிச்சென்ற படுகையையும், வெண்களிமண் பூசிக்கொண்டு பேயுருப் போல் நடந்து வரும் யானையையும் மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டினால்தான் அந்த வெண்மை படத்தில் வெண்மையாக நிற்கும். ஆனால் காலை முதிர்ந்து தரை சூடேறியதும் எழும் கானலுக்கு எந்த அமைப்பும் மருந்தாகாது. ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸானாலும் ஐந்து லட்ச ரூபாய் லென்ஸானாலும், தொலைவிலுள்ள விலங்கின் உருவம் கரைந்துதான் போகும். அப்போது பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுப்பதே விவேகம்.

[காட்சி: முன்னங்கால்களை அகல விரித்துக் குனியும் ஒட்டகச்சிவிங்கி.]

எட்டோஷாவில் பொறுமைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கூலி, ஒட்டகச்சிவிங்கி நீர் குடிக்கும் காட்சி என்பது என் எண்ணம். குனிந்த நிலையில் சிங்கம் வந்தால் தப்புவது கடினம் என்பதால், அது கரையில் நெடுநேரம் நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். இரண்டடி முன்வரும், மூன்றடி பின்வாங்கும். பார்ப்பவர் சலித்துக் கேமராவைக் கீழே வைக்கும் நேரத்தில்தான், பெரும்பாலும், அது கால்களை அகட்டிக் குனிகிறது. குனிந்த படம் எல்லோரிடமும் இருக்கும். தலையை விசுக்கென்று உயர்த்தும்போது வாயிலிருந்து சிதறும் நீர், காற்றில் ஒரு வில்லை வரைந்து மறையும் கணமே தேடத் தக்கது. அதற்கு ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், 1/2000 நொடி அளவில் இருக்க வேண்டும்; தலைக்கு மேலே சட்டகத்தில் நிறைய இடமும் விட்டிருக்க வேண்டும். வரிக்குதிரைகளிடம் குறி வேறு: குடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எல்லாக் காதுகளும் ஒரே திசையில் திரும்பினால், அடுத்த நொடி நீர் தெறிக்க அத்தனையும் ஓடப்போகின்றன என்று பொருள்.

[காட்சி: இரவு. விளக்கொளியில் குட்டை. நீரில் காண்டாமிருகத்தின் நிழலுருவம்.]

பூங்காச் சாலைகள் சூரியன் மறைந்ததும் மூடப்பட்டாலும், ஒகாகுயோ முகாமை ஒட்டிய குட்டைக்கு இரவு முழுவதும் விளக்கு உண்டு. ஆபத்தான அழிவுநிலையில் உள்ள கறுப்புக் காண்டாமிருகங்கள் அங்கே இருளிலிருந்து ஓசையின்றி வருகின்றன. பார்வை மந்தம் என்றாலும் செவி மிகக் கூர்மையானது என்பதால், ஷட்டர் ஒலியை நிறுத்திவிட வேண்டும். ஃபிளாஷைத் தொடவே கூடாது. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 முதல் 6400 வரை உயர்த்தி, கேமராவைத் தாழ்ந்த கல்சுவரின் மேல் அழுத்தி வைத்தால், 1/30 நொடி வேகத்திலும் கூர்மையான படம் கிடைக்கும். ஆனால் காண்டாமிருகம் குடிக்கும்போது அல்ல, குடிப்பதை நிறுத்தித் தலையுயர்த்தி உற்றுக் கேட்கும் சில நொடிகளில்தான் பொத்தானை அழுத்த வேண்டும். படத்தை இணையத்தில் ஏற்றுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். கொம்புக்காக அலையும் வேட்டைக்காரர்களும் அந்தப் படங்களைப் பார்க்கக்கூடும்.