காது அடைக்காத முதல் விமானம்

வணக்கம். மலைக்கு பஸ்ல ஏறுறப்போ பாதி வழியில காது அடைக்கும், எச்சில முழுங்குனா டப்புனு திறக்கும், கையில இருக்க சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போய் நிக்கும், இதெல்லாம் பார்த்திருப்பீங்க. மேல போகப்போக காத்து மெலிசாயிடுது, அவ்ளோதான். 1940-க்கு முன்னாடி பயணிகள் விமானத்துக்கும் இதே பிரச்சனைதான், அதனால தாழ்வா, மேகத்துக்கும் புயலுக்கும் நடுவுல குலுங்கிக்கிட்டே போகணும்.

அதை மாத்துனது போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். நம்ம குக்கர் மூடிக்கு கேஸ்கட் போட்டு இறுக்குற மாதிரி விமானத்தோட உடம்பை இறுக்கி மூடி, உள்ள காத்தை அழுத்தி வச்சாங்க. விமானம் பறக்குறது 14,700 அடியில, உள்ள இருக்குறது 8,000 அடி உயரத்துக் காத்து! பயணிகள் சர்வீசுக்கு வந்ததுல இதுதான் முதல். இறக்கையும் வாலும் பி-17 குண்டுவீச்சு விமானத்தோடது. செஞ்சது மொத்தமே 10, முழுசா மிஞ்சுனது ஒண்ணே ஒண்ணு, பான் ஆம்ங்கிற அமெரிக்க விமான கம்பெனியோட 'கிளிப்பர் ஃப்ளையிங் க்ளவுட்'. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்குன இன்னொண்ணோட உடம்பு படகா மாறிடுச்சு.

அந்த ஃப்ளையிங் க்ளவுட் பட்டபாடு இருக்கே, அதைச் சொல்லாம என்னால விட முடியாது. ஹெய்ட்டி நாட்டு அதிபருக்குப் பறந்துச்சு, அப்புறம் அரிசோனா வெயில்ல வருஷக்கணக்கா கிடந்துச்சு. சியாட்டில்ல போயிங் ரிட்டயர்ட் ஆளுங்களும் தன்னார்வலர்களும் ஆறேழு வருஷம் உட்கார்ந்து அதைப் பறக்குற நிலைக்குக் கொண்டுவந்தாங்க. மியூசியத்துக்கு அனுப்புறதுக்குள்ள, 2002 மார்ச் 28, பறந்துட்டுத் திரும்புறப்போ எரிபொருள் தீர்ந்து சியாட்டில் கரையோரமா கடல்லயே இறங்கிடுச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு சரியா பார்க்கல, அதான் காரணம். உள்ள இருந்த நாலு பேரும் பிழைச்சாங்க. ஆனா அலுமினியத்துக்கு உப்புத்தண்ணி எப்படிப்பட்ட எதிரி! அத்தனை வருஷ உழைப்பும் தண்ணிக்குள்ள, உலகத்துல வேற ஒண்ணு கிடையாது. நினைச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது. வெளிய எடுத்தாங்க, மறுபடி முதல்லேருந்து வேலை பார்த்தாங்க, 2003-ல அது தானே பறந்து வாஷிங்டன் டல்லெஸ் ஏர்போர்ட்டுக்கு வந்து இறங்குச்சு. பறந்துங்க, லாரில இல்ல! இப்ப அங்கயே ஸ்மித்சோனியன்ங்கிற அமெரிக்க அருங்காட்சியக அமைப்போட உட்வார்-ஹாஸி மியூசியத்துல பளபளன்னு நிக்குது.

இன்ஜின் பத்தி விரிவா பேசணும்னு இருந்தேன், நேரம் ஆச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க. இன்ஜின் பேரு ரைட் சைக்ளோன், ஒண்ணுக்கு 9 சிலிண்டர், நாலு இன்ஜினுக்கு 36. வணக்கம்.