தொழிற்சாலை 1861-லேயே இருந்ததே!

நடுவர் அவர்களுக்கும், இந்த மயிலாப்பூர் நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை வடக்கு வென்றது பொருளாதார பலத்தாலா, போர் வியூகத்தாலா என்பதுதான் கேள்வி. வியூகத்தால்தான்!

எதிரணி அண்ணன் கணக்கை அழகாக அடுக்கினார். வடக்கில் 2 கோடிக்கு மேல் ஜனங்கள், தெற்கில் சுமார் 90 லட்சம், அதிலும் ஏறக்குறைய 35 லட்சம் பேர் அடிமைகள். ஆலை, இரும்பு, ரயில் பாதை எல்லாம் வடக்கில்தான் அதிகம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, இதெல்லாம் 1861-லேயே இருந்ததே! அப்புறம் ஏன் வடக்குப் படையினர் அந்த ஜூலையில் புல் ரன் போரில் தோற்று வாஷிங்டனுக்கு ஓடினார்கள்? 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் ஏன் மறுபடியும் அடிவாங்கினார்கள்?

தெற்கின் கதையையும் பாருங்கள். அவர்களிடம் பஞ்சு இருந்தது. அதை அனுப்பாமல் நிறுத்தினால் இங்கிலாந்து பதறிக்கொண்டு துணைக்கு வரும் என்று நம்பி, கடல் முற்றுகை இறுகாத 1861-லேயே தாங்களாகவே ஏற்றுமதியை முடக்கினார்கள். இங்கிலாந்து ஆலைக்காரர்கள் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பினார்கள், நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் விலை ஏறியது. பிறகு விற்க நினைத்தபோது துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் மறித்து நின்றன. கையிலிருந்த செல்வத்தைத் தப்பான வியூகம் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

வடக்கு எப்போது ஜெயிக்க ஆரம்பித்தது? 1863 ஜூலை 4-ல் வடக்கின் தளபதி கிராண்ட், மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கோட்டையாக இருந்த விக்ஸ்பர்க்கைப் பிடித்தார். கோட்டையை நேராக மோதாமல், ஆற்றைத் தெற்கே கடந்து, கிழக்கே சுற்றிவந்து வளைத்தார். சில நாளில் மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கின் கையில், தெற்குக்கு வந்துகொண்டிருந்த டெக்சாஸ் பக்கத்து மாடும் தானியமும் துண்டானது. 1864-ல் எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் நெருக்கினார், ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் அனுப்பித் தெற்கு தப்பிக்க முடியவில்லை. வடக்கின் இன்னொரு தளபதி ஷெர்மன், அட்லாண்டாவிலிருந்து சவானா வரை தெற்கின் தண்டவாளங்களைப் பிடுங்கி, தீயில் காய்ச்சி, மரத்தில் சுற்றி முறுக்கிப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1863 ஜனவரி 1, கலகம் செய்த தெற்குப் பகுதிகளின் அடிமைகள் இனி சுதந்திர மனிதர்கள் என்று அறிவித்த ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம். தெற்கின் வயல்களில் உழைத்த மனிதர்களையே அந்த அடிமை முறைக்கு எதிராகத் திருப்பிய முடிவு அது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்தார்கள். பலர் நேற்றுவரை அடிமைகள். அண்ணே, அவர்களை எந்தத் தொழிற்சாலை தயாரித்தது?