பிரேக் வேலை பார்த்த வண்டி மோதினால் யார் பொறுப்பு?

வணக்கம் மக்களே. பின்னாடி பம்பர் இல்லாமல் நிற்கிறதே, அது என் மச்சான் வண்டி. முன் சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மாற்றி எடுத்த அதே வாரம், ஏற்காடு இறக்கத்தில் பெடல் சடாரென்று கீழே போய், பிரேக் அரைகுறையாகத்தான் பிடித்திருக்கிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓரத்துச் சுவரில் மோதித்தான் நின்றிருக்கிறார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

ஒர்க்‌ஷாப்பில் சொன்னது என்ன தெரியுமா? "வண்டியை இங்கேயே டோ பண்ணி விடுங்க சார், நாங்க பார்த்துக்கிறோம்." அதை மட்டும் செய்யாதீர்கள். சாட்சியே வண்டிதான். அதைக் கொண்டுபோய் எதிராளி கையிலேயே கொடுப்பார்களா?

கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், கை வைக்கப் போவதில்லை. பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் வரும் குழாய், காலிப்பரில் சேரும் இடம் இது. போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி உட்காரும், அதனால் ஹோஸைக் கழற்றினால் புது வாஷர்தான் போட வேண்டும். இங்கே சுற்றிலும் ஈரம், அதில் தூசி சேறு மாதிரி அப்பியிருக்கிறது. கசிந்திருப்பது பிரேக் ஆயில்.

"மலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருப்பீர்கள்" என்கிறது கடை. நியாயமான கேள்விதான், சூட்டில் ஆயில் கொதித்தாலும் பெடல் இறங்கும். ஆனால் ஆறியதும் பெடல் பெரும்பாலும் திரும்பிவிடும், பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையாது. இங்கே மினிமம் கோட்டுக்கு வெகு கீழே கிடக்கிறது.

இதை நான் சொன்னால் செல்லாது. போலீஸ் கேஸ் ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். இல்லையென்றால் கடைக்குச் சம்பந்தமில்லாத ஆட்டோமொபைல் இன்ஜினியரிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். அதோடு பில், என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதிய ஜாப் கார்டு இரண்டும் வேண்டும். பில் தராத கடையில் பிரேக் வேலையே கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸா? பிரேக் பாகம் பழுதானதற்குக் காசு வராது. மோதிய சேதத்துக்கு, நம் வண்டிக்கான ஓன் டேமேஜ் கவர் இருந்தால் கிளெய்ம் போடலாம், ஆனால் கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும், தேய்மானமும் கழிப்பார்கள். கையை விட்டுப் போன அந்தப் பணத்தைத்தான் கடையிடம் கேட்க வேண்டும்.

முதலில் நோட்டீஸ். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து இல்லை, கடைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. காலிப்பர் மாற்ற யார் அவ்வளவு கொடுக்கப்போகிறார்கள்! வக்கீலும் கட்டாயமில்லை. சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துக் கேளுங்கள்.

மச்சான் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை வண்டி இப்படியேதான் நிற்கும்.